செவலை அன்றைக்கு அழவில்லை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம்.

தாராசுரத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் அச்சடித்தது நினைவு மலர்தான். அதில் வருகிறவர்கள் எல்லோரும் அதிர்ந்து பேசாதவர்கள், வந்தவர்க்கெல்லாம் இன்முகம் காட்டியவர்கள். அந்த வரிகளைக் கம்ப்யூட்டரில் தயாராகவே வைத்திருக்கிறேன். பெயரை மாற்றினால் போதும். அக்காவுக்காக அதைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியும் பொருந்தவில்லை. அக்கா அதிர்ந்துதான் பேசுவார். அரவை மிஷின் ஓடுகிற இடத்தில் மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? ஆகவே இதை நானே எழுத வேண்டியதாயிற்று. பிழை இருந்தால் அச்சகத்தாரைத் திட்ட வேண்டாம், அதுவும் நான்தான்.

அக்கா பிறந்தது நன்னிலத்துக்குப் பக்கத்தில். அப்பா குத்தகைக்கு உழுதவர். அக்காவுக்கு எட்டு வருடம் கழித்து நான். பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. என் படிப்பும் அதே வகுப்பில்தான் நின்றது, ஆனால் காரணம் வேறு. ஒரத்தநாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தான் வளைகுடாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, சாரத்திலிருந்து விழுந்து முதுகு கெட்டுத் திரும்பி வந்தார். மிச்சம் இருந்தது தென்னந்தோப்பும் ஒரு துண்டு வயலும். புயல் அடித்த வருடம் தோப்பும் போயிற்று. ஒரே இரவில் அத்தனை மரமும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன.

அத்தான் பத்து நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் அக்கா மரத்துண்டுகளை அப்புறப்படுத்த ஆள் பிடித்தார். அந்த இடத்தில் மக்காச்சோளம் போட்டார். இரண்டு மாடு வாங்கினார். பால்காரப் பெண்களுக்கு நடத்திய பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, பழைய அரவை மிஷின் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இறக்கினார். கடையில் விற்கிற தீவன மூட்டையை அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

சோளம் நம்முடையது. குருணையும் தவிடும் நம் நெல்லில் வந்தது. சம்பா அறுப்புக்குப் பின் தெளித்த உளுந்தை உடைக்கும்போது வரும் தோலும் நொறுங்கலுமான பொட்டும் நம்முடையது. கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும்தான் வெளியிலிருந்து வரும். சோளத்தைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். ‘டக்’கென்று உடையாவிட்டால் இன்னொரு நாள் வெயிலில் கிடக்கும். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் அரைத்து, சிமெண்டுத் தரையில் கொட்டி, மம்பட்டியால் நாலு தடவை புரட்டிக் கலப்பார். அளப்பதற்கு, பாதியாக வெட்டிய எண்ணெய் டப்பா ஒன்று. கறவைக்கு இத்தனை டப்பா, சினைக்கு இத்தனை டப்பா. தீவனம் வைத்துவிட்டு, மாடு படுத்து அசை போடத் தொடங்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்ப்பார். சீரியல் பார்க்கிறவர்கள் உண்டு. அக்கா மாட்டின் தாடையைப் பார்ப்பார்.

அக்காவைப் பற்றி உறவில் ஒரு குறை உண்டு. அதை மறைப்பதற்கில்லை. மாட்டுப் பொங்கல் அன்று மாட்டுக்குப் பொங்கல் வைக்க விடமாட்டார். சாஸ்திரத்துக்கு ஒரு உருண்டை, அதுவும் அவர் கையால். வாழையிலையில் வழிய வழியக் கொண்டு வருகிறவர்களைக் கொட்டகை வாசலிலேயே மறித்துவிடுவார். எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு தடவை சொல்லியே விட்டார்: “வாயில்லா ஜீவன் நாக்க நீட்டிக்கிட்டு நிக்குது. இவ மனசு கல்லு.” அக்கா அதற்குச் சொன்னது: “மாட்டுக்கு தெனமும் ஒரே நாள்தான் அத்தை. அதுக்குப் பண்டிகை தெரியாது, வயிறுதான் தெரியும்.”

போன வருடம் இதே மாதத்தில் ஒரு முற்பகல். அத்தான் போன் செய்தார். “மாப்ள, மிஷின் சத்தம் நின்னு போச்சு. கரண்ட் இருக்கு. போய்ப் பார்த்தேன். உங்க அக்கா எந்திரிக்க மாட்டேங்குறா.”

நான் செய்த முதல் காரியம் ஆம்புலன்ஸை அழைத்தது. இரண்டாவது காரியம், விலாசம் கேட்டபோது என் கடை விலாசத்தைச் சொன்னது. வண்டி விரைவாகவே வந்தது, தாராசுரத்துக்கு. இறங்கியவர்கள் நோயாளி எங்கே என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னையே ஏற்றப் பார்த்தார்கள். அங்கே அக்காவைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தார். போகும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது என்றார் மருத்துவர். என் வண்டி சரியான ஊருக்குப் போயிருந்தாலும் பயன் இல்லை என்று எல்லோரும் எனக்குச் சொன்னீர்கள். நன்றி. நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அந்த அறைக்குள் போனபோது பார்த்தேன். நெஞ்சு வலித்த அந்த நேரத்திலும் அக்கா மோட்டாரை நிறுத்தியிருந்தார். கோழி கிளறாமல் இருக்க மூட்டையின் வாயைச் சுருட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் படுத்திருக்கிறார்.

காரியம் முடியும்வரை நாலு மாடுகளையும் பார்த்துக்கொள்ள நான் தங்கினேன். அத்தானால் குனிய முடியாது. அக்கா மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, அழுது அழுது காய்ச்சலில் கிடந்தாள். அக்கா கலந்து வைத்திருந்த தீவனம் பதினான்காம் நாளோடு தீர்ந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. அத்தானைக் கேட்டிருக்கலாம், துக்கத்தில் இருக்கிறவரை மாட்டுத்தீனிக்காகத் தொந்தரவு செய்வதா என்று நினைத்தேன். பயந்தவனுக்கு இப்படி நல்ல நல்ல காரணமாகத் தோன்றும்.

மிஷின் பக்கத்தில் இரண்டு சல்லடை மாட்டியிருந்தது. கண் பெரியது மாட்டுக்கு, கண் சிறியது வீட்டுக் கேழ்வரகுக்கு. கைக்கு முதலில் வந்ததை நான் பொருத்தினேன். சோளம் மல்லிகைப்பூ மாதிரி மாவாக வந்து விழுந்தது. அக்கா அரைத்தால் ரவை போலத் திப்பித் திப்பியாக இருக்கும். நான் அக்காவையே மிஞ்சிவிட்டேன் என்று ஒரு பெருமை. புண்ணாக்கும் தவிடும் எவ்வளவு என்று தெரியாததால் சோளத்தைக் கூட்டிப் போட்டேன். சோளம் நல்லதுதானே.

பதினாறாம் நாள் பூஜைக்காகச் செவலையைக் குளிப்பாட்டிப் பந்தல் ஓரத்தில் கட்டினோம். அக்கா கன்றிலிருந்து வளர்த்த மாடு. மற்ற மூன்றும் பின்னால் கொட்டகையில் நின்றன. காலையில் நான் என் கையால் செவலைக்கு மட்டும் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு மாவு வைத்தேன், வெல்லத்தோடு. அக்கா நினைவாக. பிறகு நீங்கள் வந்தீர்கள். படையல் சோறு, சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், வடை. ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். ஆனால் நூறு பேருக்கு மேல் வந்திருந்தீர்கள். பந்தி முடிந்ததும் மீந்த சோற்றை ஓர் அன்னக்கூடை நிறையக் கொண்டு வந்து தொட்டியில் கவிழ்த்தது யார் என்று சிலருக்குச் சந்தேகம் இருக்கலாம். நான்தான். மறிப்பதற்கு வாசலில் ஆள் இல்லை.

சாயங்காலம் செவலை படுத்துவிட்டது. தண்ணீர் காட்டினால் குடிக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அத்தைதான் முதலில் பார்த்தார். “பாருங்க, வாயில்லா ஜீவன் துக்கம் காக்குது” என்று நெஞ்சில் கை வைத்தார். பந்தலே திரண்டு வந்துவிட்டது. யாரோ அக்கா படத்திலிருந்த மாலையில் ஒரு சரம் எடுத்துச் செவலையின் கழுத்தில் போட்டார்கள். போன்கள் வெளியே வந்தன. அக்கா மகள் காய்ச்சலோடு எழுந்து வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

செவலை பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அதன் தாடையைப் பார்த்தேன். அசை போடவில்லை. எனக்குள் ஏதோ தட்டியது. ஆனால் நான் நானல்லவா. “அத்தை, இது அழுகையா, அஜீரணமா?” என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் முறைத்தார். “சாவு வீட்லயும் ஒனக்கு விளையாட்டுதானாடா?” என்றார் அத்தை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலிகளை அடுக்கப் போனேன்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சரியாகச் சொன்னது அதுதான். அதையும் நானே நம்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் செவலையால் தலையைத் தூக்க முடியவில்லை. கால்நடை மருத்துவரை அழைத்தேன். விலாசம் இந்த முறை சரியாகச் சொன்னேன். சின்ன வயது டாக்டரம்மா. மாட்டின் வாயருகே குனிந்து முகர்ந்தார். புளித்த மாவு வாடை எனக்கே அடித்தது. “என்ன குடுத்தீங்க?” என்றார். ராத்திரியெல்லாம் அக்காவை நினைத்து அழுதது என்று யாரோ சொன்னார்கள். டாக்டரம்மா கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“வயித்துல சோறு புளிச்சுப்போய் வேதனையில கெடக்குதுங்க. அழுவுதுன்னு சொல்றீங்களே.”

சோடா உப்பு வேண்டும் என்றார். ஓடினேன். கடையிலிருந்த ஆப்ப சோடாப் பொட்டலம் அத்தனையையும் வாரிக்கொண்டேன். இட்லிக்கடை போடப் போறீங்களா என்று கேட்டார் கடைக்காரர். மீதிச் சில்லறையும் வாங்காமல், செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். கரைத்து ஊற்றினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். வழக்கமாக என்ன அளவு தீவனம் என்று டாக்டரம்மா கேட்டபோது, அத்தான் மெதுவாகச் சொன்னார்: “செவுத்துல எழுதி வெச்சிருப்பா.”

தீவன அறைக்குப் போனோம். சுவரில் அக்காவின் இன்னொரு படம் தொங்கியது. உயிர் பிரிந்த இடம் என்று முதல் வாரத்திலேயே படத்தை அங்கே மாட்டியவன் நான். ஆணி தயாராக இருந்தது, சுவரைப் பார்க்காமல் மாட்டினேன். அத்தான் படத்தைக் கழற்றினார். பின்னால் சுவரில் கரித்துண்டால் எழுதிய அக்காவின் கையெழுத்து. சோளம் இவ்வளவு, குருணை இவ்வளவு, தவிடு, பொட்டு, புண்ணாக்கு, உப்பு. அதற்குக் கீழே இரண்டு வரி: ‘மாவாக அரைக்கக் கூடாது. விசேஷ நாளில் எதுவும் கூடுதல் கூடாது.’

செவலை அதற்கு அடுத்த நாள் நண்பகலில் செத்தது. சோளக்கொல்லை மூலையில் புதைத்தோம். மற்ற மூன்றும் பிழைத்தன. பந்தலுக்குத் தூரத்தில் நின்றதுதான் அவற்றின் அதிர்ஷ்டம்.

எஜமானியைப் பிரிந்த ஏக்கத்தில் மாடு உயிரை விட்டது என்று அதற்குள் செய்தி பரவிவிட்டது. மாலை போட்ட படமும் கூடவே போயிற்று. எனக்குத் தெரியாதவர்கள் அதை எனக்கே அனுப்பினார்கள். நான் மறுக்கவில்லை, காய்ச்சலில் கிடந்து டாக்டரம்மா சொன்னதைக் கேட்காத அக்கா மகளிடமும். மறுத்தால் யார் கொன்றது என்ற கேள்வி வரும்.

இந்த மலருக்காக அக்கா மகள் போனில் பேசினாள். “மாமா, அஞ்சாம் பக்கத்துல செவலை படம் முழுசா வரணும். அம்மாவுக்காக அது செஞ்சத நாமகூட செய்யலையே.” சரி என்றேன். பக்கத்தையும் தயார் செய்தேன். மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அக்காவுக்குப் பிரியமான மாட்டைக் கொன்றுவிட்டு, அதற்கு அழகாக ஓரக்கட்டமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாவு, வெல்லம், அன்னக்கூடை, அஜீரணம், சுவர் எல்லாம்.

கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நானும் ஒரு எலை பொங்கல் வெச்சேன் மாமா.”

“ஒன் பொங்கல் இல்லம்மா. என் கூடை.”

“அப்ப அது அழலையா?”

“அழல.”

“அம்மா இருந்திருந்தா ஒங்க காதப் புடிச்சுத் திருகியிருப்பாங்க” என்றாள். பிறகு, “அந்தப் படம் வேணாம். செவுத்தப் போடுங்க” என்றாள்.

ஆகவே ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது சுவர். எழுத்து மங்கலாக இருந்தாலும் அளவுகளைத் திருத்தாமல் அப்படியே போட்டிருக்கிறேன். மாடு வைத்திருப்பவர்கள் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். சல்லடை, கண் பெரியது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: அக்காவைத் தன் காரில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரர்; செவலை எப்படியாவது பிழைக்கட்டும் என்று இரண்டு நாள் வந்து போன டாக்டரம்மா; என் செருப்பை எடுத்து வைத்திருந்த கடைக்காரர்; பதினாறு நாளும் பந்தலில் உழைத்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போய் அரைக்கும்போது, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அத்தான். அத்தை, உங்களுக்கும்தான். நீங்கள் வைத்தது அன்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நினைவு நாள் அன்று எல்லோரும் வர வேண்டும். பந்தி உண்டு. கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இலையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன், வயதில் மூத்தவர்களாக இருந்தாலும். அன்றைக்கு மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி