பிஸ்மி போட்ட பெட்டிசம்

அரிசியை மஸாஹிரா ஒன்பதாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீர் பாலாக வந்தது, நாலாவதிலேயே தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கை நிற்கவில்லை. பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகள் ஸுமைரா எட்டிக் குழாயை மூடினாள்.

"உம்மா, இனிக் கழுவினா அரிசி இரிக்காது. தண்ணியத்தான் ஆக்கணும்."

"கல் கிடந்த."

"கல் இல்லாத அரிசிண்டுதானே வாப்பா கூடக் காசு குடுத்து வாங்கின."

மஸாஹிரா அரிசியை உலையில் போட்டாள். போட்ட கையை மறுபடியும் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

ஐந்து மாதமாக இப்படித்தான். தொழுகைக்கு வுழுச் செய்யப் போனால் முழங்கை சரியாக நனைந்ததா என்று சந்தேகம் வரும்; முதலிலிருந்து தொடங்குவாள். பாதம் வரை வந்ததும் முகம் கழுவியதில் சந்தேகம் வரும். கூரை மேலிருந்த தண்ணீர் டாங்கி நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே காலியாகிவிடும். விரல் இடுக்குகள் வெடித்து, மஞ்சள் தொட்டால் எரிந்தன. மடவளை ஊரில் இதற்கு ஒரு பேர் உண்டு: வஸ்வாஸ், ஷைத்தான் காதில் ஓதும் சந்தேகம். கண்டியில் காட்டிய டொக்டர் வேறு பேர் சொல்லி இரண்டு வகைக் குளிசை எழுதிக் கொடுத்தார். நோயின் பேர் எதுவானாலும், அது எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். அவளுக்கும் அவள் புருஷன் றிஸ்விக்கும்.

றிஸ்வி பாடசாலையில் பதினொரு வருஷம் பிரதி அதிபராக இருந்தவர். அந்தப் பதினொரு வருஷமும் விளையாட்டுப் போட்டியானாலும் பரிசளிப்பானாலும் மஸாஹிரா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தால் எழுந்து போய், முதல் வரிசையில் இருக்கும் அதிபரின் மனைவிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஏஎல் பரீட்சையில் அவளுக்கு வந்த பெறுபேறு றிஸ்வியுடையதைவிட நல்லது. கெம்பஸில் பட்டம் படிக்கப் பேர் வந்த மாதம்தான் கலியாணம் பேசினார்கள். தான் ஏறாத படியில் புருஷனாவது ஏற வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வாள்.

குற்றம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதிபர் ஹாஷிம் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். மஸாஹிராவின் வட்டிலப்பத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, றிஸ்வியிடம் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கறுப்பையா என்றொருவன் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க வந்து நின்றான். பிள்ளை டிலானி வாசலிலேயே பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் வாசித்துக் காட்டியது. ஆனால் பாடசாலையின் எல்லைக்குள் அவர்களுக்கு விலாசம் இல்லை. ஹாஷிம் தன் தங்கையின் வீட்டு விலாசத்தைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்.

"பொய்தான் றிஸ்வி. ஆனா அந்தப் புள்ளைக்காகச் சொன்ன பொய். இது உம்மட சுவருக்குள்ளயே நிக்கட்டும்."

திரைக்குப் பின்னால் நின்ற மஸாஹிராவும் அந்தச் சுவருக்குள்தானே இருந்தாள்.

"அவர் நம்பிச் சொன்ன விசயம் மஸாஹிரா," என்றார் றிஸ்வி, இதை மேலிடத்துக்கு எழுதிப் போடலாம் என்று அவள் பேச்சை எடுத்தபோது. "நல்ல மனிஷன்."

"நல்ல மனிஷன் ரிடயராக இன்னும் ஒம்பது வருஷம் இரிக்கி. உங்களுக்கு எட்டு. நீங்க கணக்கு மாஸ்டர்தானே, கழிச்சுப் பாருங்க."

"என்னால எழுத ஏலாது."

"உங்கள யார் எழுதச் சொன்ன? நீங்க லீவு போட்ட டீச்சர்மாருக்குப் பதிலா வகுப்புப் பாருங்க. நான் கடைசி வரைக்கும் தேத்தண்ணி ஊத்துறன்."

பணிப்பாளருக்குப் பேர் போடாத பெட்டிசத்தை, முறைப்பாட்டுக் கடிதத்தை, அவளே எழுதினாள், கையெழுத்துத் தெரியாமலிருக்க இடது கையால். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போனது. உறையை றிஸ்வி வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு நாள் முழுக்க அது அங்கேயே கிடந்தது. மறுநாள் கட்டுகஸ்தோட்டைத் தபால் பெட்டியில் போட்டார்.

இடது கை எழுத்தை மாற்றியது, பழக்கத்தை மாற்றவில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஏழு வயதில் படித்த பழக்கம்: அல்லாஹ்வின் பேரால் தொடங்கும் பிஸ்மிக்குப் பதிலாக 786 என்று தலையில் போடாமல் அவள் ஒரு கடைச் சிட்டைகூட எழுதியதில்லை. பெட்டிசத்துக்கும் போட்டிருந்தாள். போட்டது அவளுக்கே தெரியாது.

விசாரணையில் ஹாஷிமுக்குக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை ஆசிரியர் அறையில் விரித்துக் காட்டிச் சிரித்தாராம். "பாருங்க, ஹலாலாத்தான் அறுத்தீக்காங்க. பிஸ்மி சொல்லி." எல்லோரும் சிரித்தார்கள். றிஸ்வியும் சிரித்தார். அதை வீட்டுக்கு வந்து சொன்னபோது மஸாஹிரா சிரிக்கவில்லை.

டிலானியைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினார்கள். ஹாஷிமை அலுவலகம் ஒன்றில் மூலைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வாரம், வேலை விட்டு வரும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே மௌத்தானார். றிஸ்விக்கு அதிபர் நியமனம் வந்தது. பரிசளிப்பு விழாவில் மஸாஹிரா முதல் வரிசையில், நடுக் கதிரையில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு டீச்சர் பவ்வியமாக நிகழ்ச்சி நிரலை நீட்டினாள். அதன் உச்சியில் 786 என்று அச்சடித்திருந்தது. மஸாஹிரா எழுந்து போய்க் கை கழுவினாள். அன்றைக்குத் தொடங்கிய கழுவல்.

மக்காவுக்கு உம்றா போய் ஸம்ஸம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார் றிஸ்வி. போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழமை. நாற்பத்திரண்டு வீடு முடிந்தது. மிச்சம் ஒன்று, திகனையில் ஹாஷிமின் மனைவி ஹபீலா டீச்சரின் வீடு.

"அவங்கட்ட உள்ளதச் சொல்லாம எனக்கு ஒரு தண்ணியும் பத்தாது," என்றாள் மஸாஹிரா, காரில் ஏறும்போது.

"எல்லாரிட்டயும் கேட்ட மாதிரி பொதுவாக் கேப்பம். அதுக்கு மேல ஒரு சொல்லு வேணாம். என்ட வேல போறது ஒரு பக்கம். ஸுமைராவப் பாக்க மாப்பிள்ள வூட்டார் வாற மாசம்."

வழியெல்லாம் அவள் கைகளைத் துப்பட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

ஹபீலா டீச்சர் அவர்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பாற்தேத்தண்ணி, இஞ்சி போட்டது. எதிரே உட்கார்ந்து றிஸ்வி பேசும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை ஃப்ளைட் டீச்சர். தெரிஞ்சோ தெரியாமலோ நாங்க ஏதும் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." நாற்பத்திரண்டு தரம் சொன்னது, வழுக்கிக்கொண்டு வந்தது.

மற்ற வீடுகளில் உடனே பதில் வந்துவிடும்: எங்களையும் மன்னிங்க, துஆச் செய்யுங்க. ஹபீலா டீச்சர் தன் கோப்பையில் கரண்டியைச் சுற்றினார்.

"தெரியாமச் செஞ்சத நான் மன்னிச்சிட்டன் சேர். தெரிஞ்சி செஞ்சது என்னண்டு சொல்லுங்களேன்."

றிஸ்வி சிரித்தார். "அது சும்மா சொல்ற வழமைதானே டீச்சர்."

"வழமைக்கெண்டா ஃபோன்லயே சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் பெட்ரோல் அடிச்சி வந்தீக்கீங்க."

மேசையில் மூன்று கோப்பைகளிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மஸாஹிரா துப்பட்டிக்குள்ளிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தாள்.

"நான்தான் எழுதின டீச்சர்."

"டீச்சர், இவக்கு வஸ்வாஸ்." றிஸ்வியின் குரல் அவசரமாகவும் இரக்கமாகவும் வந்தது, ஒத்திகை பார்த்து வந்தவர் போல. "கண்டில காட்டி மருந்து குடிக்கிறா. போன கிழமை பக்கத்து வூட்டுக் கோழி செத்ததுக்கும் தான்தான் காரணம்டு அழுத. எது நடந்தாலும் தன்ட தலைலதான் போட்டுக்குவா."

கோழிக்கு அழுதது உண்மை.  பைத்தியத்தின் பேரால் உண்மையையும் மூடிவிடலாம் என்று அவர் எப்போது கண்டுபிடித்தார்? ஒருவேளை அதற்காகத்தான் டொக்டர் சீட்டைக்கூட அந்தச் சட்டைப் பையிலேயே கொண்டு திரிகிறாரா?

ஹபீலா டீச்சர் எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு தாளை உருவி, எழுத்து தன் பக்கம் தெரிய மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சொல்லுங்க மஸாஹிரா. உச்சியில என்ன இரிக்கி?"

"ஏழு, எட்டு, ஆறு."

"அது ஊருக்கே தெரியும். கீழ?"

மஸாஹிரா கண்ணை மூடவில்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு வுழுவிலும் ஓதி வந்ததை ஓதினாள். "மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு. பாடசாலையின் நலனில் அக்கறையுள்ள பெற்றோர் தாழ்மையுடன் அறியத் தருவது. மேற்படி அதிபர் தோட்டத்துப் பிள்ளை ஒன்றை..." அவள் சொல்லச் சொல்ல ஹபீலா டீச்சரின் விரல் தாளில் வரி வரியாக இறங்கியது. "'சகோதரி'யில ஒரு எழுத்த வெட்டித் திருத்தினன். இடது கை, சரியா வரல்ல."

விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த விலாச விசயம் எங்கட வூட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றார் ஹபீலா டீச்சர். "உங்கட வூட்டுல சொன்னண்டு அவர் சொல்ல, நான் அண்டைக்கே சந்தேகப்பட்டன். 'றிஸ்வி எழுத மாட்டான்'டு என்னோட சண்ட புடிச்சார். மௌத்தாகிற அண்டு காலையிலயும் அதத்தான் சொன்ன." அவர் தாளை மடித்தார். "அவர் சொன்னது சரிதானே சேர்? நீங்க எழுதல்ல. போஸ்ட் பண்ணின ஆர்?"

றிஸ்வி மணிக்கூட்டைப் பார்த்தார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. கார்ச் சாவியை எடுத்து, மறுபடி மேசையில் வைத்தார். 

மஸாஹிரா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"டீச்சர், ஒரு சொல்லு சொல்லுங்க. மன்னிச்சண்டு கேக்கல்ல. மன்னிக்க ஏலாதுண்டாவது சொல்லுங்க. எதாவது ஒண்டு."

ஹபீலா டீச்சர் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கினார். றிஸ்வியின் தேத்தண்ணி குடிக்காமலே ஆடை கட்டிக் கிடந்தது. அது சிந்தாமலிருக்கத் தட்டத்தைச் சரிசெய்து பிடித்தார். பிறகு திரையைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.