வசந்திக்குக் கிடைத்த குலவை

வசந்தி என்னோடு பரதம் கற்றவள். வெளிநாட்டில் பாலேயும் நவீன நடனமும் படித்துவிட்டு வந்து, இரண்டையும் கலந்து வலங்கைமான் திடலில் ஒரு நடனம் அமைத்தாள். குறை கண்டுபிடிக்கவே அப்பாவோடு போனேன்.

அந்த வருஷம் கூலித் தகராறு. எங்கள் வயலில் நடவுக்கு யாரும் இறங்கவில்லை.

மேடையில் நுனிக்காலில் நின்ற பெண்கள் சட்டென்று குனிந்து, நாற்று நடுவதுபோலப் பின்னோக்கி நகர்ந்தார்கள். கூட்டத்திலிருந்த நடவுப் பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள்.

"நம்ம வயல்ல கேக்க வேண்டிய குலவைம்மா இது," என்றார் அப்பா.

எனக்கும் வயிறு எரிந்தது, வயலுக்காக இல்லை.

"எப்படிடி இருந்துச்சு?" என்று ஓடிவந்தாள் வசந்தி.

"மேடைதான் கொஞ்சம் சின்னது," என்றேன்.

அதன்பிறகு எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கிவிட்டேன். இன்றும் ஆடி முடித்ததும் என் காது அந்தக் குலவையைத்தான் தேடுகிறது.