யூலாலி ஆடிய ஆட்டம்

பரமின் என்ற மலைக்கிராமத்தின் சரிவில் வெங்காயத்தாள் பயிரிட்டு விற்கிறவள் யூலாலி. கார்னிவல் திருவிழாத் திங்கட்கிழமை வந்தால், உடம்பெல்லாம் நீலம் பூசி நெருப்பு ஊதிப் பேய்வேஷம் ஆடுகிற தம்பி ஹிலேரின் நீலப்பேய்க் கூட்டத்துக்கு, பிஸ்கட் தகரத்தை மேளமாக அடிப்பதும் அவள்தான். பதினாலு வருஷம் அடித்தாள். கொழுப்பில் நீலம் குழைத்து ஆம்பிளைகளின் முதுகில் பூசியதும் அவள் கைதான். நானும் பேயாடுகிறேன் என்றால் மட்டும், "பொம்பளை நெருப்பு ஊதினா ஊரு சிரிக்கும்க்கா" என்பான் ஹிலேர்.

அந்த வருஷம் பேய் ராஜா போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், நெருப்பு ஊதிப் பழகும்போது மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கி அவன் படுத்துவிட்டான். திங்கட்கிழமை மதியம் கூட்டத்துப் பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யூலாலி யாரையும் கேட்கவில்லை. உச்சி முதல் உள்ளங்கால்வரை நீலம் பூசிக்கொண்டு, வாய்ப்பக்கம் திறந்த தம்பியின் கொம்பு முகமூடியை மாட்டினாள்.

"எவனாவது தகரத்தை எடுங்கடா."

சந்தியில் அவள் போட்ட ஊளையில் போலீஸ்காரரே ஓரடி பின்வாங்கினார். விளக்குக் கம்பத்தில் ஏறி, தலைகீழாகத் தொங்கியபடி நெருப்பு ஊதினாள். சனம் வாய் பிளந்தது.

"பேய் ராஜா, ஹிலேர்!" என்று, போட்டிக்குப் பதிந்திருந்த பேரையே ஒலிபெருக்கி அறிவித்தது.

ஆடியது நானென்று சொல்ல அவள் முகமூடியைக் கழற்றுவதற்குள், படுக்கையிலிருந்து எழுந்து வந்து, உடம்பெல்லாம் அவசரமாக நீலம் அப்பிக்கொண்டு, இருமியபடியே மேடையேறி நின்றான் ஹிலேர். கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கியவன் அவள் காதோடு சொன்னான்: "விடுக்கா. யாரு வாங்குனா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே வருது." பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவன் பெண்டாட்டி மோனிக்கிடம் போய் நியாயம் கேட்டாள் யூலாலி. அந்த இரண்டு நாளும் புருஷன் படுக்கையருகே கஷாயமும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் மோனிக்.

"நெஞ்சு வலியோட அவரு ஆடினதை ஊரே பாத்துச்சு அண்ணி. கூடப் பிறந்தவனைப் பாத்தே பொறாமைப்படுறீங்களே!"



அடுத்த வருஷம் தன் பேரைக் கொடுத்துத் தனியாகவே ஆடினாள். அதே ஊளை, அதே கம்பம், அதே நெருப்பு. கடைசி இடம் கொடுத்தார்கள். நடுவர் ஒருவர் பரிவாகத்தான் சொன்னார்: "போன வருஷம் ஹிலேர் ஊதினதைப் பாத்திருக்கணும்மா நீங்க. அவர்கிட்ட கொஞ்ச நாள் கத்துக்குங்க."

வாயில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயைத் துப்பிவிட்டு அவள் மலையேறி நடந்தாள். பிறகு அவள் ஆடவில்லை. தகரமும் அடிக்கவில்லை. தம்பி வீடு அடுத்த வீடுதான், பேச்சுவார்த்தை கிடையாது.