அடித்தண்ணீர் சுழன்ற கதை

அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன் நான். என் மனைவியின் அண்ணன் அங்கேதான் கடலுக்குப் போகிறார். போன கோடையில் அவர் ஆழத்தில் இறக்கிய வலையும் பக்கத்துப் படகுக்காரர் வலையும் பின்னிக்கொண்டன. பின்னிய வலையைக் கடலில் அறுக்கக்கூடாது; கரைக்குக் கொண்டுவந்து இருவரும் மணலில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஊர் வழக்கம் அது. மச்சான் அங்கேயே கத்தியை எடுத்துவிட்டார். மற்றவர் வலை பாதிக்கு மேல் கடலோடு போயிற்று.

கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்ததாம். காற்றில்லை, நீரோட்டமில்லை, வேண்டுமென்றேதான் அவன் தன் வலைமேல் போட்டான் என்பது மச்சானின் ஒரே வாதம். ஊர்க்கூட்டம் அதை ஏற்காவிட்டால் அவர் படகு கடலில் இறங்காது.

எனக்குத்தான் அந்த வாதம் மனசில் ஒட்டவில்லை. கடல் ஆராய்ச்சிக்கு எங்கள் குப்பத்தில் படகு வாடகைக்கு எடுக்கும் அம்மா ஒருவர் உண்டு. என் ஓயாத வாய்க்கு ஈடுகொடுப்பவர். நம் கடலில் மேலே வெதுவெதுப்பான லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த கனமான தண்ணீர், இரண்டும் எளிதில் கலக்காது என்பார். அடியில் ஓடும் நீரோட்டம் கடலடிச் சரிவில் உரசும். உரசிய பக்கம் வேகம் குறைய, தண்ணீர் திரும்பி உருளத் தொடங்கும். பூமியின் சுழற்சி அதைக் கலையாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு தண்ணீருக்கும் நடுவே தோசைக்கல் போல் தட்டையாகச் சுழன்றபடி நகரும். மேலே ஒரு சுருக்கம்கூடத் தெரியாதாம். அன்று வலைகளைப் பின்னியதும் அதுதானா என்று கேட்டேன். இருக்கலாம், அளக்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

இதைச் சொன்னால் மற்றவர் மேலுள்ள பழி போகும். மச்சானின் வாதமும் போகும். வாயை மூடிக்கொண்டிருக்கும்படி மனைவி கெஞ்சினாள். மனசு கேட்காமல் முதலில் மச்சானிடமே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப தப்பு தண்ணி மேலதான மாப்ள? கூட்டத்துல நீயே சொல்லு."

அப்படியில்லை மச்சான் என்று எவ்வளவோ விளக்கினேன். காதில் ஏறவில்லை.

கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். வலை இழந்தவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்:

"தண்ணி சுத்திச்சு, சர்தான். கத்தி இன்னா, தானா சுத்திச்சா?"

யாரோ சிரித்தார்கள். மச்சான் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க நினைக்கிறேன்.

புதுவலை கட்டிக் கொடுக்கும்வரை அவர் படகு இறங்கக்கூடாது என்று முடிவாயிற்று. இப்போது மச்சான் வலை இழந்தவரின் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கட்டுகிறார். வீட்டுக்காரர் அவருக்கு டீ வாங்கி வைக்கிறார், இருவரும் பேசிக்கொள்கிறார்கள்கூட. நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கடந்து போகும்வரை மச்சான் தலை நிமிர்வதில்லை.