ஸ்பெயினுக்குச் சொன்ன ‘வர்றேன்’

தமிழினி என்று பெயர் வைத்த பெண்ணுக்குத் தமிழ் வராது. சிரிக்காதீர்கள், பெரியம்மா சவுரியம்மாளுக்கு அது சிரிப்பு சமாச்சாரம் இல்லை. தங்கை ஷர்மிளா பிரசவமாகி நாலாம் மாதமே வேலைக்கு ஓடியபோது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் பார்த்த தையல் வேலையை விட்டுவிட்டு அந்தக் குழந்தையை வளர்த்தவள் அவள்தான். தனக்கென்று பிள்ளை இல்லாதவள். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது தங்கை புருஷன் டேனியலுக்கு ஸ்பெயினில் ஷூ டிசைன் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

இப்போது தமிழினிக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம், விளையாட்டு, சண்டை எல்லாம் அந்த ஊர்ப் பேச்சில்தான். தமிழில் மிச்சம் இருப்பது ‘பெரிம்மா’ ஒன்றே ஒன்று. ஞாயிறு தவறாமல் கோயில் முடிந்து வந்து, சாயங்காலம் வீடியோ காலில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் சவுரியம்மாள் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பழையபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அங்கே தரம் பார்க்க ஸ்பெயினிலிருந்து மாரிசா என்ற அம்மாள் வந்து இரண்டு மாதம் தங்கினாள். பதினோரு மணிக்குக் காபி குடிக்கப் போகும்போதெல்லாம் “அவோரா பெங்கோ” என்று கையசைத்துவிட்டுப் போவாள். மொழிபெயர்த்துச் சொல்லும் ஹேமந்திடம் சவுரியம்மாள் அர்த்தம் கேட்டாள்.

“‘தோ வர்றேன்’னு சொல்றாங்கக்கா.”

சவுரியம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வர்றேன்’ என்று சொல்லும் நல்ல புத்தி நம் ஜனங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாளே! அந்த ஞாயிறே பேசி முடித்ததும் “அவோரா பெங்கோ, கண்ணு” என்றாள். தமிழினி முகம் மலர்ந்து தலையாட்டினாள். ஐந்து ஞாயிறு அப்படியே சொல்லிவிட்டுப் பெருமையோடு போனை வைத்தாள்.

ஆறாம் வாரம் தொடக்கத்திலேயே ஷர்மிளா கூப்பிட்டாள்.

“அக்கா, நீ இன்னா சொல்லிட்டு வெக்கிற? அஞ்சு நிமிஷத்துல திரும்பி வர்றவங்கதான் இங்க அப்டி சொல்லுவாங்க. இவ போனக் கையில வெச்சிக்கினு அரை மணி நேரம் உக்காந்திருக்கா. சோறு போட்டாலும் வர மாட்டேங்கிறா. பெரிம்மா வரேன்னு சொன்னாங்களாம்.”

சவுரியம்மாள் போனை வைத்துவிட்டு இங்கே நிதானமாகக் காபி போட்டுக் குடித்த நேரமெல்லாம் பிள்ளை அங்கே பசியோடு உட்கார்ந்திருக்கிறது. மறுநாளே ஹேமந்தை இழுத்துக்கொண்டு மாரிசாவிடம் போனாள். “பேசி முடிச்சிட்டேன், இன்னிக்கு இனிமே வர மாட்டேன்னா எப்டி சொல்றது?”

“மே போய்,” என்றாள் மாரிசா. போறேன் என்று அர்த்தம்.

“போறேன்னா? பச்சப் புள்ளகிட்ட அத எப்டிப்பா சொல்றது?”

“அங்க அதான் கரெக்ட்டுக்கா,” என்றான் ஹேமந்த்.

வாரம் முழுக்கத் தையல் மிஷின் சத்தத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசியது. சாவு வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை.

ஞாயிறு வந்தது. தமிழினி விழுந்த பல்லைக் காட்டினாள், வரைந்த நாயைக் காட்டினாள். சவுரியம்மாள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “மே போய், கண்ணு,” என்றாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

பிள்ளை ஒரு கணம் பார்த்தது. “ஆதியோஸ், பெரிம்மா,” என்று விடை கொடுத்தது. குட்டி விரல் திரையை மூடியது.

இவ்வளவு சுருக்கா? உலகத்தில் தனக்காக ஒரு உயிர் வாராவாரம் அரை மணி நேரம் காத்திருந்தது. அதை நிறுத்தத்தான் ஒரு வாரமாகப் பாடம் படித்திருக்கிறாள். நல்லதுதான் செய்தாள், அதில் சந்தேகமில்லை.

சற்று நேரத்தில் ஷர்மிளாவிடமிருந்து மெசேஜ் வந்தது. ‘உடனே சாப்ட வந்துட்டா அக்கா. தேங்க்ஸ்.’

சவுரியம்மாள் அதைப் படித்தாள். காபி போட எழுந்திருக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.