சுற்றிப் போகும் டாங்கி

மருதனார்மடத்தில் செயற்கைப் பல் கட்டுபவர் அவர். நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடி ஏறியிருக்கும். பல் கட்டும் பசையை வைத்தே பொம்மை உழவு இயந்திரங்களை டாங்கிகளாக மாற்றி, சங்கிலிச் சக்கரங்களில் செம்மண் சேறு தெரிய வர்ணம் தீட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை மேசையில் நிறுத்தி என்னோடு போர் விளையாடுவார்.

ஒருநாள் அவருடைய டாங்கிக்கு முன்னால் நான் செய்து வைத்த வீடு நின்றது. சுற்றிப் போனால் என் பீரங்கியிடம் மாட்டுப்படும்.

“இடிச்சுக்கொண்டு போகலாம் அண்ணை, விதியிலை இருக்கு” என்றேன்.

“ஓம், தெரியும்.” சுற்றிப் போனார், தோற்றார்.

“அது வெறும் மருந்துப் பெட்டி அண்ணை!”

“வாசல் கீறி வைச்சிருக்கிறீர் எல்லோ.”

அடுத்த ஞாயிறு வாசல், சன்னல் எதுவும் கீறாத பெட்டியொன்றை வைத்தேன். டாங்கியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதையும் சுற்றித்தான் போனார்.