பினாயில்காரரின் மை பாட்டில்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பினாயில் என்றால் போதும், சின்னக் குழந்தைகூடக் கடையைக் காட்டிவிடும். பேனா ரிப்பேர் செய்கிறவருக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று கேட்பவர்கள், கடைக்குள் கால் வைத்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு புரிந்துகொள்வார்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, அசிங்கமான பேனா ஏதாவது வந்துவிட்டால் அது போனதும் ஒரு தடவை என்று தரையைப் பினாயில் போட்டுத் துடைப்பார். கை கழுவுவதற்கோ கணக்கே கிடையாது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வாடையோடு குடித்தனம் நடத்துகிறேன்.

இத்தனை அருவருப்புப் பிடித்த மனுஷன் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மை பேனா என்றால் நிப்பு, மூடி, பளபளப்பு என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். உள்ளே கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு குழாய். வால் பக்கம் திருகினால் உள்ளே பிஸ்டன் மேலே ஏறி மையை உறிஞ்சும். அந்தக் குழாய்க்கு ஜனங்கள் செய்கிற அநியாயத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. திருகு இறுகிவிட்டதென்று சமையல் எண்ணெய் விடுவார்கள். அடைத்துக்கொண்டால் குண்டூசியால் குடைவார்கள். இன்னும் சிலர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, நீல உதட்டோடு வந்து நின்று, "என்னன்னே தெரியல சார், எழுதவே மாட்டேங்குது" என்பார்கள். ஒரு வக்கீலின் கன்வெர்ட்டர் வாலெல்லாம் பல் தடம். "சார், இது பேனாவா, பல் குத்தற குச்சியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார் இவர். வக்கீல் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. பிஸ்டன் இறுகினால் ஊசி முனையளவு சிலிக்கோன் கிரீஸ், அதற்கு மேல் கிடையாது. மை கீழே இறங்காமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு கலந்த தண்ணீரால் அலசுவார். குழாயின் வாய் தளர்ந்து காற்று புகுந்தால் பேனா ஒழுகும். அதற்கு ஒட்டுப் போடும் வேலையே கிடையாது, புதுசு மாற்றிவிடுவார். ரிப்பேர் ஆன பேனாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார். கவுண்டரில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில் நிறையக் கருநீல மை வைத்திருப்பார். ஒவ்வொரு பேனாவையும் அதில் முக்கி, உறிஞ்சி, எழுதிப் பார்த்து, மூன்று சொட்டை மறுபடி பாட்டிலுக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பார். பாட்டில் பாதியானால் மேலே புது மை ஊற்றுவார். ஒரு சொட்டு வீணாக விடமாட்டார்.

என் தம்பி சான்றிதழ் எழுதுகிறவன். பள்ளிக்கூடம், கல்லூரி என்று எங்கிருந்தோ கட்டுக்கட்டாக வரும், பெயர்களை அழகாக எழுதிக் கொடுப்பான். எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும், அவன் இருக்கும் அறை குப்பைமேடு. சாப்பிட்ட தட்டு சாப்பிட்ட இடத்திலேயே காயும். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கென்று பிறந்த வீட்டிலிருந்து மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் காலை கடைக்கு வந்தான். யாரோ ஒரு பெண்ணின் சான்றிதழில் பேனா கட்டியாக எதையோ கக்கிவிட்டதாம். பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் கவுண்டரில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இவர் பேனாவைக் கழற்றிக் கன்வெர்ட்டரை உருவினார். வெள்ளையும் நீலமுமாக, சளி மாதிரி ஒன்று நூல் விட்டுத் தொங்கியது. ஈர சாக்ஸை டப்பாவில் போட்டு ஒரு மாசம் மூடி வைத்த நாற்றம்.

"தூ! என்னடா இது கர்மம்? பேனாவா, சாக்கடையா?"

"பூஞ்சை மாதிரி இருக்கு மாமா."

"பூஞ்சைதான். நீ இருக்கற லட்சணத்துக்கு வேற என்ன வரும்? சாப்பிட்ட கையைக் கழுவாம பேனாவைப் பிடிச்சா இதான் வரும்."

தம்பியின் காது மடல்வரை சிவந்துவிட்டது. "மாமா, நான் வேற எங்கயும் மை ரொப்பறதே இல்ல. உங்ககிட்டதானே ரொப்பிக்கிறேன். உங்க பாட்டிலை ஒரு தடவை பாருங்களேன்."

"என் பாட்டிலா! கேட்டீங்களா சார் கதைய! இந்தக் கடையில, என் பாட்டில்ல பூஞ்சையாம்!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "கொஞ்சம் சுத்தமாதான் இருந்தா என்னடா" என்று என் பங்குக்கு ஒரு வார்த்தை வேறு சொன்னேன். இவர் இடுக்கியால் பேனாவைத் தூக்கிப் பழைய சாமான் டப்பாவில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் ஞாயிறு. அத்தனை பேச்சு வாங்கியும் தம்பி சாப்பிட வந்தான். ரோஷத்தை முழுங்கிக்கொண்டு எனக்காக வந்தான். இவர் உள்ளே இருந்து, "அவனுக்குத் தனியா குடு, நம்ம டம்ளர் வேணாம்" என்று என் காதோடு சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா நான்? கேட்கவில்லை. அலமாரியில் கிடந்த பேப்பர் கப் ஒன்றை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் இருவருக்கும் எப்போதும்போல ஸ்டீல் டம்ளர். அவன் எங்கள் டம்ளர்களைப் பார்த்தான், கப்பைப் பார்த்தான், தண்ணீரைக் குடித்தான். காலிக் கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு, "வரேன்கா" என்று எழுந்து போய்விட்டான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

அப்புறம் நாலு மாசம் அவன் வரவில்லை. போன் செய்தால், "வேலை இருக்குக்கா" என்று மட்டும் சொல்வான். ஞாயிறு வந்தால் நான் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுவேன். இவரோ நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு தடவை வாய் கொப்பளிப்பார்.

இதற்குள் கடையில் பேனாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. தலைமை ஆசிரியையின் பேனா, போஸ்ட் மாஸ்டர் பேனா, பத்திரம் எழுதுகிறவரின் மூன்று பேனா. எல்லாவற்றிலும் அதே சளி, அதே நாற்றம். இவர் ஒவ்வொருவரையும் நிற்க வைத்துத் திட்டினார். ஊரே நாறிப்போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு தரையைத் துடைத்தார்.

கடைசியில் கண் டாக்டரம்மா வந்தார். அவர் இவரைவிடச் சுத்தக்காரர். பேனாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே அதே கண்றாவி.

"மேடம், இதை நீங்க எங்க வெச்சிருந்தீங்க?" என்றார் இவர், குரலைத் தணித்து.

"பெட்டியிலதான். இன்னும் ஒரு எழுத்துகூட எழுதலையே. நீங்க மை ரொப்பிக் குடுத்தீங்க, அப்படியே வெச்சேன். இன்னிக்குத்தான் திறக்கறேன்."

"ஈரக் காத்து மேடம். அதான்."

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அந்தப் பெரிய பாட்டிலை எடுத்தேன். "ஏய், அதைத் தொடாத!" என்றார். தொட்டேன். டீ வடிகட்டியை வாஷ்பேசினில் பிடித்து மொத்த மையையும் அதில் கவிழ்த்தேன். பாதிவரை மைதான் இறங்கியது. அப்புறம் அடியிலிருந்து கொழகொழவென்று ஒரு கட்டி, ஈரல் மாதிரி, சளக்கென்று வடிகட்டியில் விழுந்தது. எட்டு வருஷமாக மேலே மேலே ஊற்றி, வருகிறவன் போகிறவன் பேனாவையெல்லாம் அதற்குள்ளேயே முக்கி, மிச்சத்தை அதிலேயே விட்டு வளர்த்த பிள்ளை அது. நாள் முழுக்கப் பினாயிலை முகர்ந்த மூக்குக்கு அந்த நாற்றம் எப்படித் தெரியும்?

பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள், டாக்டரம்மா வேறு நின்றுகொண்டிருந்தார். இருக்கட்டும் என்று வடிகட்டியை இவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க. நல்லா பாருங்க. இது யார் துப்பினது?"

மனுஷன் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தீர்ந்த மாதிரியும் இல்லை. அந்த வடிகட்டியைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கத்தான் எனக்கே அருவருப்பாக இருந்தது. பேப்பர் கப்பை எடுத்து வைத்ததும் அதே கைதான்.

அன்று மத்தியானமே கடை வாசலில் அட்டை தொங்கியது. 'இங்கே மை நிரப்பிய பேனாக்களைத் திருப்பிக் கொண்டுவரவும். தவறு என்னுடையது.' அட்டையை மாட்டிவிட்டுப் பழைய சாமான் டப்பாவைக் கிளறித் தம்பியின் பேனாவை எடுத்தார். இடுக்கியால் இல்லை, வெறும் கையால். குழாயைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினார். நிப்பையும் அதன் அடிக்கட்டையையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை உறிஞ்சி உறிஞ்சித் துப்ப வைத்தார். இரண்டு நாள் வெள்ளைத் துணியில் தலைகீழாக நிறுத்திக் காயவைத்தார். மை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தம்பியின் அறைக்குப் போனோம். நாறும் என்று சொல்லி இவர் அதுவரை அந்தப் படியே ஏறியதில்லை. கதவைத் திறந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். அவன் பின்னால் நாற்காலியில் அழுக்குச் சட்டை, தரையில் காய்ந்த தட்டு, மேஜையில் மட்டும் தூசு இல்லாமல் சான்றிதழ் கட்டு.

"தப்பு என்னோடதுடா. பாட்டில்தான்," என்று இவர் பேனாவை நீட்டினார்.

தம்பி வாங்கவில்லை. "மை போட்டிருக்கீங்களா மாமா?"

"இல்லடா. காலியாதான் இருக்கு."

"அப்ப உள்ள வாங்க."

உட்காரச் சட்டையை ஒதுக்கினான். மூலையில் கிடந்த டம்ளரை அலசித் தண்ணீர் பிடித்து வந்தான். "ஒண்ணுதான் இருக்கு," என்று இவரிடம் கொடுத்தான். விளிம்பில் நீலக் கறை. இவர் அதையே பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் குடித்தார்.

தம்பி அதே டம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்து என்னிடம் வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் கொடுக்காமல் நின்றான்.

"உனக்குப் பேப்பர் கப் வாங்கிட்டு வரட்டுமாக்கா? கீழயே கடை இருக்கு."

முகத்தில் சிரிப்பு இல்லை.

"குடுடா," என்றேன். டம்ளரை அவன் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கினேன். தண்ணீரில் மை வாடை அடித்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.